வயிறனுக்குள் மச்சினன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் பிழைத்துக்கொண்டான். இப்போதும் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனால் அன்றைக்கு அரை நாள் அவனைத் தேடி நான் மட்டாஞ்சேரி முழுக்க அலைந்தேன், கடைசியில் செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அதை எழுதி வை என்று வீட்டில் சொல்கிறார்கள். எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பண்டகசாலைகள் வரிசையாக இருக்கும். முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். நடுவே பெரிய முற்றம். அதில் இஞ்சி காயப்போடுவார்கள். ஒரு பண்டகசாலையில் நான் சுமட்டு வேலை, மூட்டை தூக்குவது. என் மனைவியின் தம்பி அடுத்த பண்டகசாலையில் ராத்திரிக் காவல். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்களோடுதான் இருந்தான். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். ஒரு கப்பல் இயந்திரம் கெட்டுத் துறைமுகத்தில் வந்து நின்றது. எங்கேயோ ஒரு தீவு நாட்டின் பட்டாளத்துக்குச் சரக்கு கொண்டுபோகிற கப்பல். நாட்டின் பெயரைச் சொன்னார்கள், என் வாயில் நிற்கவில்லை. கப்பலைப் பழுது பார்க்க வேண்டும், அதுவரை சரக்கை இறக்கி வைக்க வேண்டும். சரக்கு என்றால் வண்டி. இரும்புக் கவசம் போட்ட பட்டாள வண்டி, ஏழு.

பாலம் தாண்டி அவை கடைத்தெருவுக்குள் வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. டாங்கி மாதிரிச் சங்கிலி கிடையாது. ரப்பர் சக்கரம்தான், என் மார்பு உயரம். தெரு அகலம் எங்கள் கைவண்டிக்கே போதாது. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் வைத்து வந்தன. ஒரு கடையில் தொங்கின நேந்திர வாழைக்குலையை முதல் வண்டி இழுத்துக்கொண்டு போயிற்று. கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். இரும்பு வண்டியைத் தட்டி நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏழையும் மச்சினன் காவல் காக்கிற பண்டகசாலையின் முற்றத்தில் நிறுத்தினார்கள். இஞ்சிக்காரப் பெண்களுக்கு இடம் போயிற்று. கோபத்தில் அவர்கள்தான் வண்டிகளுக்குப் பேர் வைத்தார்கள். துப்பாக்கிக் குழல் நீட்டிக்கொண்டிருந்தது மூக்கன். ரேடியோக் கம்பி இரண்டு வைத்திருந்தது கொம்பன். பின்னால் கதவும் உள்ளே பெஞ்சும் வைத்து, ஆள் ஏற்றுவதற்கென்று செய்தது வயிறன். மூன்று ஜாதியும் இடுப்புக்குக் கீழே ஒன்றுதான். அதே சக்கரம், அதே அச்சு, அதே தகடு. மேலே மட்டும் வேறே வேறே. ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

வண்டிகளோடு அந்தப் பட்டாளத்தார் இரண்டு பேர் கரையில் தங்கினார்கள். ஒருவர் தலையாள். மற்றவர் மெக்கானிக். எறணாகுளத்தில் அறை எடுத்திருந்தார்கள். காலையில் போட்டில் வருவார்கள், சாயங்காலம் போவார்கள். தலையாள் கண்டிப்பு. பாட்டரியெல்லாம் கழற்றித் தனி அறையில் பூட்டி வைத்தார். சேற்றுக்காலோடு வண்டியில் யாரும் ஏறக் கூடாது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மெக்கானிக் சாது. எங்களோடு சாயா குடிப்பார். ஒரு வண்டியில் ஒரு சாமான் உடைந்தால் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டுவார். எல்லாம் பொருந்தும். அப்படி ஒரு நாள் மூக்கனின் உள்பக்கக் கைப்பிடி உடைந்தது. வயிறன் ஒன்றின் பின்கதவிலிருந்து உள்பிடியைக் கழற்றி மூக்கனுக்குப் போட்டார். அதற்குப் புதுப்பிடி கப்பலிலிருந்து வர வேண்டும். வரவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது இப்படி இருக்க, திருப்பூணித்துறையில் ஒரு பெண் இருப்பதாக என் மனைவிக்குத் தகவல் வந்தது. நம்ம பக்கத்து ஆட்கள். பெண்ணின் அப்பா அங்கே ஓட்டலில் சமையல்காரர். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருந்தார்கள்.

இங்கே மச்சினனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் இதற்கு முன்னால் இரண்டு தரம் பெண் பார்க்கப் போகிற வழியில் ஓடியிருக்கிறான். ஒரு தரம் பஸ் நின்ற இடத்தில் சாயா குடிக்க இறங்கினவன் திரும்பி வரவில்லை. இன்னொரு தரம் ஆலப்புழையில் போய் ஒரு வாரம் கயிற்றுக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். கேட்டால் பயமாக இருந்தது என்பான். என்ன பயம் என்று சொல்லமாட்டான். திருப்பூணித்துறைக்காரர்களுக்கும் இது எப்படியோ தெரிந்திருந்தது. இந்தத் தரமும் வராவிட்டால் இனி எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் பெண் கொடுக்க வரமாட்டார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ராத்திரி என் மனைவி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"காலைல காவல் முடிஞ்சதும் நேரே வீட்டுக்கு வா. குளிச்சிட்டுப் போவோம். நீ வரலைன்னா நான் உனக்கு அக்கா இல்லை."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. நான் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று, அவன் வரவில்லை. ஒன்பதுக்கு என் மனைவி எடுத்து வைத்த பூவைத் தண்ணீர்ப் பானை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடிட்டான்" என்றாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பண்டகசாலைக்குப் போனேன். மழை குறைந்திருந்தது. முற்றத்தில் ஏழு வண்டிக்கும் தார்ப்பாய் போட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. காலையில் மழை வலுக்கவும் தலையாள் போன் பண்ணி மூடச் சொல்லியிருக்கிறார். சுமட்டு மூப்பன், அதாவது எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், ஆட்களை விட்டு மூடியிருக்கிறார். அவர்களுக்குச் சரக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான். மிளகு மூட்டை அடுக்கைக் கட்டுவது போலவே வண்டியையும் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, அடியில் அச்சுக்குள் விட்டு இழுத்து முடிச்சு. கயிறு மழையில் நனைந்து கம்பியாக நின்றது.

மூப்பன் மாப்பிளை முஸ்லிம். பெரிய உடம்பு, பெரிய குரல். எங்களோடு பழகிப் பழகி ஒரு தினுசாகத் தமிழ் பேசுவார். மச்சினனைப் பார்த்தீர்களா இக்கா என்று கேட்டேன். இக்கா என்றால் அண்ணன்.

"காலத்து நாங்க வரும்போ அவன் இல்லை" என்றார். "பெண்ணு காணப் போகணும்ன்னு சொன்னதல்லோ. பின்ன எங்கன இருப்பான்? ஓடியிருப்பான், அளியன்."

அளியன் என்றால் மச்சினன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பயம் இல்லை. எரிச்சல்தான்.

போட் ஜெட்டியில் கேட்டேன். முதல் போட்டில் அவன் போகவில்லை என்றார்கள். பஸ் நிற்கிற இடத்தில் கேட்டேன். அங்கேயும் பார்த்தவர் இல்லை. ஜூ டவுன் பக்கம் அவன் சாயா குடிக்கிற கடை ஒன்று உண்டு. நேற்று முதலே வரவில்லை என்றார்கள். திரும்பிப் பண்டகசாலைக்கு வந்து, ஏன் என்று தெரியாமல் பின்வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன்.

காயல் படியில் அவன் செருப்பு இருந்தது.

ஒன்றை ஒட்டி ஒன்று, நேராக. கடைசிப் படிக்கு முந்தின படி. தண்ணீர் அதைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. படி முழுக்கப் பாசி. மழைத் தண்ணீர் இறங்கி, காயல் செம்மண் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சினனுக்கு நீச்சல் தெரியாது.

நான் செருப்பை எடுத்துக்கொண்டேன். எதிரே வள்ளத்தில் ஒருவர் மீன் வலை போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் செருப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். வள்ளம் ஊன்றுகிற கழுக்கோலை எடுத்துப் படியோரமாகக் குத்திக் குத்திப் பார்க்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு வள்ளம் வந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். கோல் எதிலாவது இடித்து நின்றால் குனிந்து பார்ப்பேன். ஒரு தரம் பழைய சாக்கு வந்தது. ஒரு தரம் வேர்.

மூப்பனுக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பெல்லாம் போயிற்று. ஆட்களை, காயல் கடலில் சேருகிற அழிமுகத்துப் பக்கம் பார்க்க அனுப்பினார். பட்டாளத்தார் இரண்டு பேரும் போட்டில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவிக்குச் சொல்ல வேண்டும். போகவில்லை. என்ன சொல்வது. அவன் ஓடிவிட்டான் என்று அவள் கோபமாக இருக்கிறாள். அந்தக் கோபம் இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தம்பி இருக்கிறான். இருக்கட்டும் என்று விட்டேன்.

பதினொன்றுக்கு மேல் வெயில் வந்தது. மழைக்குப் பின் வருகிற வெயில், சுள்ளென்று. முற்றத்தில் தார்ப்பாய்களிலிருந்து ஆவி கிளம்பிற்று.

பண்டகசாலையின் பக்கச் சுவருக்கு அப்புறம் தகரப் பட்டறை. தேங்காயெண்ணெய் டின் செய்கிற இடம். பத்துப் பன்னிரண்டு பேர் காலை முதல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, அப்படிப் பழகிப்போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அவர்கள் எல்லாரும் சுத்தியலை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். அப்போது தெருவே திடீரென்று பெரிதானது போல இருக்கும்.

அன்றைக்கும் பாங்கு கேட்டது. தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. மூப்பனும் கைகால் கழுவி, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டார். என் தோளில் கை வைத்தார். "நான் பள்ளியில அவனுக்காகக் கேக்கிறேன். நீ வீட்டுக்குப் போ. அவளோட இரு" என்றார்.

நான் சரி என்றேன். அவர் முற்றத்தைத் தாண்டிப் பாதி போயிருப்பார். நின்றார். தலையைச் சாய்த்தார். முகம் சிவந்தது.

"ஆரெடா அது" என்றார். "பாங்கு விளிச்சிட்டும் தட்டிக்கிட்டிருக்கிற கள்ளன் ஆரு?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது. ஒரே ஒரு சுத்தியல். விட்டு விட்டு, சோம்பலாக.

அவர் பக்கத்துக் கதவு வழியே பட்டறைக்குள் போனார், திட்டிக்கொண்டே. நான் அங்கேயே நின்றேன். உடனே திரும்பி வந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"உள்ள ஆருமில்லை" என்றார்.

தட்டல் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். ஏழு தார்ப்பாய் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மூடிவிட்டால் மூக்கனும் வயிறனும் ஒன்றுதான். எதற்குள்ளே என்று தெரியவில்லை. மூப்பன் முதல் வண்டியில் காதை வைத்தார். நான் கடைசி வண்டிக்கு ஓடினேன். காது சுட்டது. மெக்கானிக்கும் ஓடிவந்தார். மூன்றாவதிலோ நாலாவதிலோ அவர் கையைத் தூக்கினார். அது வயிறன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை அறுக்கமாட்டார்கள். எத்தனை இறுகினாலும் பல்லால் கடித்தாவது முடிச்சை அவிழ்ப்பார்கள். அறுத்தவன் கூட்டத்தில் நிற்க முடியாது. மூப்பனே அப்படி ஒருவனை விரட்டியிருக்கிறார். நான் முடிச்சில் கை வைத்தேன். நகம் உள்ளே போகவில்லை. மூப்பன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. அடுத்தது. அடுத்தது. தார்ப்பாயை நாங்கள் இழுத்துப் போட்டோம். மெக்கானிக் பின்கதவைத் திறந்தார்.

சூடு முகத்தில் அடித்தது. மச்சினன் வாசலிலேயே கிடந்தான். சட்டை இல்லை. உடம்பு முழுக்க வியர்வையும் கிரீசும். கையில் ஒரு ஸ்பேனர். கதவு திறந்தது தெரியாமல் இன்னும் ஒரு தரம் காற்றில் தட்டினான்.

இழுத்து நிழலில் போட்டோம். மெக்கானிக் தண்ணீர் ஊற்றினார். முதலில் தலையில், பிறகு வாயில், கொஞ்சம் கொஞ்சமாக. அவன் என்னைப் பார்த்தான்.

"அத்தான், போட் போயிருச்சா?" என்றான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூப்பன் ஒரு தூணில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜும்மா போச்சு" என்றார். "ஆளு கிட்டி."

நடந்தது இதுதான். விடியற்காலையில் மழை வலுத்ததும் அவனுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியிருக்கிறது. சேற்றுக்காலோடு ஏறினால் தலையாள் திட்டுவார் என்று காயல் படியில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வயிறனுக்குள் ஏறிப் பெஞ்சில் படுத்திருக்கிறான். சாரல் அடிக்கிறது என்று கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறான். உள்பிடி இல்லாத வயிறன். நல்ல தூக்கம். எழுந்தபோது கதவு திறக்கவில்லை. மேல்மூடியைத் தள்ளினால் தார்ப்பாயும் கயிறும். கத்தினால் அந்தத் தகட்டுக்குள்ளேயே நின்றது. ஹாரன் அடிக்கப் பாட்டரி இல்லை. பிறகு ஸ்பேனர் கிடைத்தது. காலை முழுக்கத் தட்டியிருக்கிறான், பத்துப் பன்னிரண்டு சுத்தியலுக்கு நடுவே.

"வெளிய அத்தனை தட்டு எனக்குக் கேக்குது அத்தான். என் தட்டு மட்டும் ஒருத்தனுக்கும் கேக்கலை" என்றான்.

ஓடத்தானே உள்ளே போனாய் என்று கேட்டேன். "ஓடலை. கொஞ்சம் பிந்திப் போலாம்னு இருந்தது" என்றான். அதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

தலையாள் அங்கேயே நின்று மெக்கானிக்கை ஏதோ கேட்டார். மெக்கானிக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். தலையாள் அன்றே எல்லா வண்டியின் கதவையும் கயிறு போட்டுத் திறந்து வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மழை பெய்தால் வண்டி நனைந்தது. யாரும் மூடவில்லை.

வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனேன். என் மனைவி வாசலில் நின்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அவன் கையைப் பார்த்தாள். வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். காயலில் கோல் போட்டுத் தேடினதையும் சொன்னேன். அவள் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். குளிக்க வைத்தாள். காதில் கிரீஸ் போகவில்லை.

"இப்பப் போனா யார் நம்புவா?" என்றேன்.

"நம்பறாங்களோ இல்லையோ, போவோம்" என்றாள்.

நம்பவைக்க மூப்பனே கிளம்பி வந்தார். பள்ளிக்கு உடுத்திய அதே வெள்ளை. போட்டில் எறணாகுளம், அங்கிருந்து பஸ். வைட்டிலா தாண்டும்போது மச்சினன் உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் இறங்கிவிடக் கூடாது என்று மூப்பன் அவன் வேட்டி நுனியைத் தன் விரலில் சுற்றிப் பிடித்திருந்தார்.

திருப்பூணித்துறை வீட்டில் நாங்கள் போனபோது சாயங்காலம். மத்தியானம் செய்த பலகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்றே பேசினார். ஏன் பிந்திற்று என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. வேறே நாட்டுப் பட்டாளம், இரும்பு வண்டி, கதவில் பிடி இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரம் ஓடினார்ன்னு கேள்வி. இன்னிக்கு வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டாராக்கும்" என்றார்.

மூப்பன் முன்னால் வந்தார். "நானாக்கும் கெட்டிப்பூட்டினது" என்றார். "கயிறு அறுத்ததும் நான்தான். முப்பது வருஷத்தில முதல் தரம்."

சமையல்காரருக்குக் கயிற்று வழக்கம் தெரியாது. அது அவரை அசைக்கவில்லை. உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாக.

"அவர் கையைக் காட்டச் சொல்லுங்கப்பா."

மச்சினன் கையை நீட்டினான். பெண் கதவு வரைக்கும் வந்து பார்த்தாள். ஒளிந்து பார்க்கவில்லை, நேராகவே பார்த்தாள். வீங்கின விரல்களையும் உரிந்த தோலையும் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வெளிய வரணும்னுதானே இவ்வளவு தட்டியிருக்கார்" என்றாள் அப்பாவிடம். "உக்காரச் சொல்லுங்க. மருந்து போட்டு விடுங்க. அப்புறம் பேசலாம்."

அவள் அம்மா மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்தாள். அப்பா மூப்பனுக்கு நாற்காலி போட்டார். உள்ளே போன பலகாரம் வெளியே வந்தது. மச்சினன் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டான். வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் ஸ்பூன் கொடுத்தார்கள். நிறையச் சாப்பிட்டான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் மட்டுமா, நாங்களும்தான்.

தை மாதம் என்று பேசி முடித்தோம்.

திரும்பும்போது கடைசி போட். காற்று குளிர்ச்சியாக இருந்தது. மூப்பன் முன்பக்கம் போய்த் தொழுதுகொண்டார். என் மனைவி வாசலில் அவன் கையைப் பார்த்ததிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போட் நடுக்காயலுக்கு வந்ததும் தொடங்கினாள். கதவைச் சாத்துமுன் பிடி இருக்கிறதா என்று பார்க்கிற அறிவு வேண்டாமா, சின்னதிலிருந்தே இப்படி, பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பெஞ்சுக்கு அடியில் தூங்கி, பூட்டிப்போட்டு, அம்மா எப்படித் தேடினாள் தெரியுமா. ஒன்று விடாமல் எல்லாம் வந்தது. அழுதாள், துடைத்துக்கொண்டாள், மறுபடி திட்டினாள். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் பலகையில் சாய்ந்து கண்ணை மூடினேன். மட்டாஞ்சேரி வருகிற வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. நன்றாகத் தூங்கினேன்.